மார்கழியில் பிளான், தையில் பிரசவம்

இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ரத்தக்கொதிப்பு ஏறுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் உத்திரமேரூரில் எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த நர்ஸம்மா. தட்டில் இரண்டு இட்லி ஒட்டிக்கொண்டிருந்தால் விரலால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் சட்னி ஊற்றுவார். கொடியில் காயும் சட்டைக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் போட்டோ எடுக்க மேடை ஏறியவர், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அதற்குக் காரணம் இருந்தது. பழையசீவரம், திருமுக்கூடல் என்று பாலாற்றங்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருடத்துக்கு மேல் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். அத்தனை வருடமும் அந்த ஊர்ப் பெண்களிடம் அவர் சொன்னது ஒன்றேதான். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவே மூன்று வருடம் இடைவெளி விடு. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவர் உடம்பில் ஊறிவிட்டது. ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் இருந்த இடத்துக்குச் செடிகள் வந்தன. மூன்று வருடம் மூன்று அடியாகிவிட்டது. ஊரில் அவருக்குப் பெயரே இடைவெளி நர்ஸம்மா. கொரோனா வந்து, ஆளுக்கு ஆள் தள்ளி நில்லுங்கள் என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தபோது, "இப்பதான் கவர்மெண்டுக்கு புத்தி வந்துகீது" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தாராம்.

நான் கணக்கு வாத்தியார். உத்திரமேரூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது, அவர் வீட்டின் முன்பகுதி காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். நானும் என் மனைவி செல்வியும் இரண்டு பெண் குழந்தைகளோடு போய் நின்றோம். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் பதினாலு மாதம்தான் வித்தியாசம். நர்ஸம்மா அதைக் கேட்டதும் செல்வியைப் பரிதாபமாகப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையை வாரப் பத்திரிகையில் எழுத முடியாது.

"கணக்கு வாத்தியார்னு சொன்னீங்க இல்ல சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன். குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத்தான் இருந்தது. ஆனால் வீடு கிடைத்துவிட்டது. ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போடத் தெரிந்த ஒரு ஆளை அவர் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார் என்பது மார்கழி பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் நல்ல அகலமான இடம். ஒரு கிணறு, அதன்மேல் கம்பி மூடி. பக்கத்தில் துணி துவைக்கிற கல். ஒரு தென்னை, ஒரு முருங்கை, மூலையில் ஒரு நெல்லி. மற்றபடி மண். சமையலறைத் தண்ணீர் ஒரு பக்கமும், துவைக்கிற தண்ணீர் இன்னொரு பக்கமுமாகத் தங்கள் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த இடத்தை ஒரு முழுத் தோட்டமாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வருடா வருடம் ஏதாவது கொஞ்சம் செய்வார். இந்த வருடம் மொத்தமாக, வரைபடம் போட்டு, முறையாகச் செய்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

அதற்கு மார்கழியை விட்டால் வேறு மாதம் கிடையாது என்பது அவர் கட்சி. மழை நின்றிருக்கும். மண்ணில் ஈரம் இருக்கும். வெயில் உறைக்காது, பகல் முழுக்க நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்து யோசிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஐப்பசி கார்த்திகை மழை தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று காட்டிவிட்டுப் போயிருக்கும். நர்ஸம்மா அந்த இரண்டு மாதமும் குடையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே பின்பக்கம் போய், தண்ணீர் நின்ற இடத்தின் ஓரமெல்லாம் செங்கல் துண்டுகளை வைத்து அடையாளம் செய்துவிடுவார். மார்கழி முழுக்க யோசனை மட்டும்தான். ஒரு விதைகூட மண்ணில் விழக்கூடாது. "மார்கழில பிளான், தையில டெலிவரி" என்பார். தேதி தள்ளிப்போனால் அவருக்குப் பிடிக்காது.

மார்கழி முதல் ஞாயிறு காலையில், பனி இன்னும் விலகாத நேரம், ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து என் கதவைத் தட்டினார். கையில் பெரிய சார்ட் பேப்பர், ஸ்கேல், கலர் பென்சில் பெட்டி. சுகாதார நிலையத்துச் சுவரில் ஊர்க் கணக்கை வருடா வருடம் எழுதி ஒட்டி அவருக்குப் பழக்கம். ஒரு கட்டத்துக்கு ஒரு அடி என்று அளவு வைத்து வரைய ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் எந்தப் பையனையும் நான் அத்தனை தடவை அழித்து எழுதச் சொல்லியிருக்க மாட்டேன்.

கத்திரி வைக்க நான் எட்டு வட்டம் போட்டேன். அவர் ஆறை அழித்துவிட்டார். வெண்டைக்கும் அதே கதி. எந்தச் செடியானாலும் இரண்டுக்கு மேல் அவருக்கு மனசு வராது. இத்தனை பெரிய இடத்தில் இரண்டு வெண்டைச் செடி வைத்தால் ஒரு பொரியலுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமே என்று செல்வி வாதாடினாள். கடைசியில் நான்கு என்று ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க முகம் வாடியிருந்தது. நாம் இருவர் நமக்கு இருவர் என்ற முப்பது வருடக் கொள்கையை விட்டுக்கொடுத்த வருத்தம்.

விதைகளையெல்லாம் ஒரு நீல நிறப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரு காலத்தில் ஐஸ் போட்டுத் தடுப்பு மருந்து தூக்கிக்கொண்டு போன பெட்டி. ஒவ்வொரு செடிக்கும் ஒரு அட்டை உண்டு. பெயர், விதைத்த தேதி, போட்ட எருவின் விவரம். போலியோ முகாம் நாட்களில் வீட்டுச் சுவரில் அடையாளம் போடுவார்களே, அது போலத் தென்னை, முருங்கை, நெல்லி மூன்றிலும் சாக்பீஸால் எண் போட்டிருந்தார். குழந்தைகளை எடை போடும் தொங்கு தராசு ஒன்றும் அவரிடம் இருந்தது. முந்தின பருவத்துச் சுரைக்கொடி ஒன்று வேலியில் மிச்சம் இருந்தது. அதில் ஒரே ஒரு காய். அதைக் கொடியிலிருந்து அறுக்காமலே துணித் தூளியில் தாங்கி, தராசில் மாட்டிப் பார்த்தார்.

இரண்டு கிலோ முன்னூறு இருந்தது. அன்றைக்குச் சாம்பாருக்கு அதுதான் என்று செல்வி அரிவாள்மனையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எடை கொறைவு. ரெண்டரை வராம வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார் நர்ஸம்மா.

பத்து நாள் கழித்து இரண்டரை வந்தது. அதற்குள் சுரைக்காய் முற்றி, தட்டினால் கடம் போலச் சத்தம் கொடுத்தது. ஆரோக்கியமான குழந்தை என்று சொல்லி எங்களிடம் ஒப்படைத்தார். குக்கரில் ஒன்பது விசில் வைத்தும் அது ஒத்துழைக்கவில்லை.

வரைபடம் ஓரளவு முடிந்ததும், அதை அப்படியே தரையில் இறக்கினோம். குச்சி அடித்து, நூல் கட்டி, சாம்பல் தூவி, பாதை இது, மல்லிகைப் பாத்தி இது, எலுமிச்சை இது என்று பிரித்தோம். அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். வரைந்த தோட்டத்தில் தை பிறக்கும்வரை எல்லோரும் நடந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார். இல்லாத மல்லிகையை யாரும் மிதிக்கக்கூடாது. கொடியில் துணி போடப் போகும் செல்வி, நேராகப் பத்தடி நடந்தால் போதும் என்ற இடத்துக்கு, எலுமிச்சையைச் சுற்றி வளைந்து போய் வந்தாள். நான் ஒருநாள் அவசரத்தில் குறுக்கே நடந்துவிட்டேன். கத்திரிச்செடி மேல் நிற்கிறீர்கள் சார் என்று குரல் வந்தது. காலைத் தூக்கி, பார்த்து, மன்னிப்புக் கேட்டேன். வெறும் மண்ணிடம்.

கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்த அன்றுதான் சட்டத்தின் முழு வீச்சு தெரிந்தது. சமையலறைக் கதவு பின்பக்கம் என்பதால் அவர் அந்த வழியாகத்தான் வருவார். தோளில் சிலிண்டரோடு விறுவிறுவென்று வந்தவரை நர்ஸம்மா நிறுத்தி, பாதை வழியாக வரச் சொன்னார். எந்தப் பாதை என்று அவர் கேட்டார். சாம்பல் கோட்டைக் காட்டினார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். முனகிக்கொண்டே கோட்டுக்குள் நடந்து வந்து, எலுமிச்சை மூலையில் திரும்பும்போது நின்றுவிட்டார்.

"ரெண்டடிதாம்மா கீது. சிலிண்டரோட திரும்ப முடியல" என்றார்.

நர்ஸம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ சந்தோஷமாக ஓடி வந்து, அவர் தோளில் சிலிண்டர் இருக்கும்போதே டேப் வைத்து அளந்தார். பாதையை மூன்றடி ஆக்கும்படி என்னிடம் சொன்னார். சார்ட்டின் ஓரத்தில் 'சிலிண்டர் திரும்ப, 3 அடி' என்று எழுதிக்கொண்டார். நடந்து பார்க்காமல் போட்ட பிளான் இடுப்பில் நிற்காத புடவை மாதிரி என்று அன்று சொன்னார். அந்த ஓரத்தில் அது போல நிறையக் குறிப்புகள் சேர்ந்துகொண்டே வந்தன.

மார்கழி பாதி ஆகியிருக்கும். ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பின்பக்கம் பொத்தென்று ஒரு சத்தம். செல்வி ஓடினாள், பின்னாலேயே நான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசியில் வழுக்கி நர்ஸம்மா விழுந்து கிடந்தார். இடது மணிக்கட்டு வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தது. அவர் படுத்தபடியே தன் கையைத் தடவிப் பார்த்து, எலும்பு விட்டிருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னார். ஸ்கேலையும் ஒரு துண்டையும் எடுத்து வரச் சொல்லி, கையை அசையாமல் கட்டுவது எப்படி என்று செல்விக்குப் பாடம் நடத்தினார். ஆட்டோ வரும்வரை முகத்தைச் சுளிக்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போதுதான் செல்வியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். சென்னையிலிருந்து மகன் முரளி மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். நர்ஸம்மாவுக்கு ஒரே மகன். ஏதோ கம்ப்யூட்டர் வேலை. அதிகம் பேசாத மனிதர். அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, பாசியை விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே வந்து பாத்திரங்களைக் கழுவி வைத்தார். சாயங்காலம் அம்மாவிடம் தன் முடிவைச் சொன்னார்.

பின்பக்கம் முழுவதும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், சிமெண்ட் போட்டுவிடலாம். தென்னையும் நெல்லியும் முருங்கையும் இருந்துவிட்டுப் போகட்டும். மற்றபடி ஒரு பிடி மண் வெளியே தெரியக்கூடாது. நாளைக்கே மேஸ்திரியைப் பார்க்கிறேன்.

செடிகள் என்று நர்ஸம்மா இழுத்தார். தொட்டியில் வைத்துக்கொள், மொட்டை மாடியில் எத்தனை வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்றார் முரளி. இந்தக் கையோடு மாடி ஏறச் சொல்கிறாயா என்று அவர் கேட்டார். பேச்சு வளர்ந்தது. நாங்கள் கூடத்தில் இருந்தோம். எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

"நீ வுழுந்து கெடந்தப்போ இவங்க இல்லன்னா இன்னாம்மா பண்ணியிருப்ப?" என்று கேட்டார் முரளி. "எனக்கு அங்க வேலையே ஓடல. தோட்டம் வேணுமா, நான் நிம்மதியா இருக்கறது வேணுமா, நீயே சொல்லு."

நர்ஸம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். என்னைக் கேட்டிருந்தால் நானும் முரளி பக்கம்தான் பேசியிருப்பேன். அந்த மணிக்கட்டை நான் பார்த்தவன். செல்வியும் தலையாட்டினாள். தெருவில் கேட்டவர்கள் எல்லோருமே சிமெண்ட்தான் சரி என்றார்கள். சுத்தமாக இருக்கும், பாம்பு வராது, பெருக்கினால் போதும். யார் பேச்சிலும் தப்பு இல்லை.

சார்ட் பேப்பரை நர்ஸம்மா சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பீரோ மேல் வைக்கச் சொன்னார். நான்தான் வைத்தேன். அடுத்த இரண்டு நாள் குறுக்கே நடந்தாலும் குரல் வரவில்லை. செல்வி காலையில் நாஷ்டா கொண்டுபோய்க் கொடுத்தாள். தட்டில் மூன்று இட்லியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவர் அதை நகர்த்தாமல் அப்படியே பிட்டுச் சாப்பிட்டார் என்று செல்வி வந்து சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை மேஸ்திரி வந்தார். திருமுக்கூடல்காரர், நாற்பது வயது, அடர்ந்த மீசை. முரளியோடு பின்பக்கம் வந்தவர், நாற்காலியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அவருடைய வலது கை தானாகவே இடது புஜத்தை மூடிக்கொண்டது. தடுப்பூசித் தழும்பு இருக்கிற இடம்.

நர்ஸம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். உன் அம்மா பெயர் கமலாதானே என்று கேட்டார். ஆமாம் என்றார் மேஸ்திரி. இரட்டைப் பிள்ளையில் நீ இரண்டாவது என்றார். அதற்கும் ஆமாம்.

"எட்டு நிமிஷம்தான் இடைவெளி" என்றார் நர்ஸம்மா. அந்த விஷயத்தில் கமலாவை அவர் இன்னும் மன்னிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டேப்பை எடுத்து நீளம் அகலம் அளந்தார். எத்தனை லோடு ஜல்லி, எத்தனை மூட்டை என்று முரளியிடம் சொன்னார். நாளைக் காலை சாமான் இறங்கும் என்று பேச்சு முடிந்தது. அப்போதுதான் நர்ஸம்மா வாயைத் திறந்தார். சண்டை போடுகிற குரல் இல்லை. சந்தேகம் கேட்கிற குரல்.

சிமெண்ட் போட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். வாட்டம் வைத்துக் கிணற்றுப் பக்கம் தள்ளிவிடலாம் என்றார் மேஸ்திரி. அங்கே போகாது என்றார் நர்ஸம்மா. மழைக்கு அவர் வைத்த செங்கல் துண்டுகளைக் காட்டினார். கிணற்றைச் சுற்றி மேடு, சமையலறை வாசலில் பள்ளம்.

மேஸ்திரி தன் டியூபில் தண்ணீர் பிடித்து, இரண்டு மூலையிலும் மட்டம் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கிணற்றிலிருந்து இரண்டு குடம் இறைத்து, துவைக்கிற கல்லில் ஊற்றினார். நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சாவகாசமாக நெளிந்து, செங்கல் துண்டுகளை ஒட்டினாற்போல ஓடி, நேரே சமையலறை வாசல்படிக்கு வந்து நின்றது.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு முரளியிடம் வந்தார். தனக்கு வேலை அதிகம் கிடைப்பது முழுசாகப் போட்டால்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஆனா பாசி வர்றது தண்ணியால சார், மண்ணால இல்ல. இந்தத் தண்ணிய அப்படியே வுட்டுட்டு மேல சிமெண்ட் போட்டா, சோப்பு தண்ணி மொத்தமும் வாசப்படில வந்து நிக்கும். இப்ப ஒரு எடத்துல வழுக்குது. அப்புறம் எங்க கால் வெச்சாலும் வழுக்கும்."

தாய் முகத்தைப் பார்க்காமல் முரளி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் என்ன செய்யலாம் என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் பீரோ மேலிருந்து சார்ட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தனை வேகமாக நான் பள்ளிக்கூட மணிக்குக்கூட ஓடியதில்லை.

முரளி அதைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அம்மாவின் பிளானை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஒவ்வொரு குறிப்பாகப் படித்தார். சிலிண்டர் திரும்ப, மூன்றடி. செல்வி துணி காய, மேற்கு வெயில். பாப்பா சைக்கிள், வளைவில் கல் கூடாது. படித்துக்கொண்டே வந்த விரல் ஒரு இடத்தில் நின்றது. வேலி ஓரமாக, நல்ல வெயில் படுகிற இடத்தில், ஆறடிக்கு ஆறடி ஒரு கட்டம். அதற்குள் 'முரளி' என்று மட்டும் எழுதியிருந்தது. செடியின் பெயர் இல்லை.

வரையும்போது நானும் அதைப் பற்றிக் கேட்டிருந்தேன். அது அப்படியே இருக்கட்டும் சார் என்று சொல்லியிருந்தார்.

"இது இன்னாம்மா?" என்றார் முரளி.

நர்ஸம்மா கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"உனக்கு இன்னா மரம் புடிக்கும்னு எனக்குத் தெரியலடா. நீ சின்னப் புள்ளையா இருந்தப்போ ஊர் ஊரா ஓடிக்கினு இருந்தேன். உன்ன பக்கத்து வூட்ல வுட்டுட்டுதான் போவேன். நீ இன்னா விரும்பி தின்னுவன்னு அந்த வூட்டம்மாவுக்குத் தெரியும். நான் கேட்டதே இல்ல. பொங்கலுக்கு வந்தா கேக்கலாம்னு வுட்டு வெச்சேன்."

மேஸ்திரி தன் டியூபிலிருந்த தண்ணீரை மெதுவாகக் கீழே ஊற்றினார். முரளி சார்ட்டின் மேல் ஒட்டியிருந்த மண்ணைப் புறங்கையால் தட்டிவிட்டார். மறுபடியும் தட்டினார். அங்கே மண் இல்லை.

"கொய்யா" என்றார் கடைசியில்.

நர்ஸம்மா என்னிடம் எழுதச் சொன்னார். எழுதினேன். சிவப்புக் கொய்யாவா, வெள்ளையா என்று உடனே கேட்டார் மகனிடம். சிவப்பு என்றார் முரளி. அதையும் எழுதினேன்.

அதற்கப்புறம் பொங்கல் வரை நடந்ததுதான் வேடிக்கை. நான்கு நாள் லீவில் வந்த முரளி மேலும் லீவு போட்டார். காலையில் காபியோடு தாயும் பிள்ளையும் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் வாக்குவாதம். முரளி லேப்டாப்பில் ஒரு பிளான் போட்டார். அதில் மரங்களெல்லாம் ஒரே பச்சையாக, உருண்டையாக, பொம்மை போல இருந்தன. நடந்து பார்க்க முடியாத பிளான் எனக்கு எதற்கு என்று நர்ஸம்மா ஒதுக்கிவிட்டார். கைப்பிடி எவ்வளவு உயரம் என்று கண்டுபிடிக்க, முரளி இரண்டு பக்கமும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் அதைப் பிடித்தபடி பத்துத் தடவை நடந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் ஏற்று, கால் அங்குலம் இறக்கு என்று மகனை வாட்டினார். கம்ப்யூட்டர் வேலை பார்த்த தோள் வலிக்கிறது என்றார் முரளி. ஆனால் மூங்கிலைக் கீழே வைக்கவில்லை.

முடிவில் வந்த பிளான் இதுதான். சமையலறையிலிருந்து கிணறு வரைக்கும், அங்கிருந்து துணிக்கொடி வரைக்கும் மூன்றடி அகலப் பாதை, மழமழப்பில்லாத கருங்கல் பலகையில். பாதை ஓரம் இரும்புக் குழாயில் கைப்பிடி. துவைக்கிற கல்லைப் பெயர்த்து மேட்டில் வைத்து, அந்தத் தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் சேர்த்து, வாழைக்கும் கல்வாழைக்கும் விடுவது. தண்ணீர் எங்கும் நிற்காது, பாசிக்கும் வேலை இல்லை. மிச்சமெல்லாம் மண். முரளி போட்ட நிபந்தனை ஒன்று: கைப்பிடி இல்லாத இடத்தில் அம்மா தனியாக நடக்கக்கூடாது. நர்ஸம்மா போட்ட நிபந்தனை ஒன்று: அதைக் கண்காணிக்க மாதம் ஒரு தடவை அவரே நேரில் வர வேண்டும். இரண்டும் ஒப்பந்தமாயின.

தை பிறந்து ஐந்தாம் நாள் மேஸ்திரி வேலையைத் தொடங்கினார். கூட இன்னொரு மேஸ்திரியும் வந்திருந்தார். அச்சு அசலாக அதே மீசை. இரட்டையில் முதலாவது. இருவரும் கல் பதிக்கும்போது தோளோடு தோள் உரசிக்கொண்டே வேலை செய்ததை நர்ஸம்மா பொறுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. கொய்யாக் கன்றை முரளி தன் கையாலேயே வைத்தார். குழி தோண்டத் தெரியாமல் கைகளில் கொப்புளம். அதற்கு மருந்து போட்டுவிட்டு, கட்டு எத்தனை நாளில் பிரிக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார் நர்ஸம்மா.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. இப்போது செங்கல்பட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியில் ஒரு துளசி இருக்கிறது. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் செல்வியும் உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினோம். ஐந்தரை மணி பஸ்ஸில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

பின்பக்கம் நிழல் விழ ஆரம்பித்திருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்குப் பிடிப்பதே தெரியாத வேகத்தில் நர்ஸம்மா நடந்து காட்டினார். கொய்யா காய்க்கத் தொடங்கியிருந்தது. முரளி மாதா மாதம் வருகிறார், வரும்போது பேத்தியும் வருகிறாள் என்றார். இந்த வருடத்து சார்ட்டை எடுத்து வந்து விரித்தார். முன்பகுதியில் புதிதாகக் குடிவந்திருப்பவர் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறாராம், அவர் வரைந்தது. நான் குனிந்து பார்த்தேன். நேர்த்தியான வேலை. என்னால் அத்தனை சுத்தமாக வரைந்திருக்க முடியாது என்று உள்ளபடியே சொன்னேன்.

"நல்ல மனுஷன்தான் சார். கோடெல்லாம் நேராதான் போடறார்" என்றார் நர்ஸம்மா. பென்சில் பெட்டியைத் திறந்து மூடினார். "ஆனா இது யார் வூட்டுத் தோட்டமோ மாரி கீது."

நான் ரப்பரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். செல்வி அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவையாவது வெண்டை ஆறு வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

ஐந்தரை மணி பஸ் போனது. அடுத்ததும் போனது.